புரிந்தவர்களுக்கு மட்டும் வேலை

விலை பேசாமல் மாடு பிடிக்கிறவன் அதை உழவுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் நாமக்கல் பக்கத்துச் சந்தையில் இது மாட்டுக்கே தெரியும். பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களுக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

நான் சொல்வது, உயிரியலோடு புள்ளியியலைச் சேர்த்துப் படித்தவர்களுக்கு வேலை கொட்டிக் கிடந்த வருஷங்களைப் பற்றி. பொறியியல் படித்தவன் பரோட்டாக் கடைக்குப் போனான். மருத்துவம் படித்தவன் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பாடம் எடுக்கப் போனான். உயிர்ப்புள்ளியியல் படித்தவனை மட்டும் கம்பெனிக்காரர்கள் கல்லூரி வாசலில் பஸ்ஸை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார்கள். அவசரத்தில் ஒரு கல்லூரியின் முதல்வரையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். மீட்கப் போனபோது அவர் வரமாட்டேன் என்று அழுதார். பெண் பார்க்கப் போகிற வீட்டில் பாடச் சொல்கிற வழக்கம் நின்று, திட்ட விலக்கம் என்றால் என்னம்மா என்று கேட்டார்கள். கபிலர்மலை அடிவாரத்துக் கிளி ஜோசியர்கூட, "இந்தப் பலன் நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு நிச்சயம்" என்று சொல்ல ஆரம்பித்தார். மீதி ஐந்துக்குக் கிளி பொறுப்பல்ல.

என் சகலை காளியண்ணன் மோகனூர் சாலையில் முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருந்தார். ஒரே மகள் சஷ்டிகா. அவள் படித்தது ராசிபுரம் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில். அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மட்டுமே வாங்கிய பிள்ளைகளைத் தனி அறையில் படுக்க வைப்பார்கள், மற்றவர்களுக்குத் தொற்றிக்கொள்ளும் என்று. சஷ்டிகா அந்த அறையைக் கண்ணால் பார்த்ததில்லை. பிறகு கல்லூரியிலும் தங்கப் பதக்கம். 'தெளிவகம்' என்று ஒரு கம்பெனி வந்து, அவள் வகுப்பில் தேறிய அத்தனை பேரையும் எடுத்துக்கொண்டது. சம்பளத்தைக் கேட்டு அவள் அம்மாவுக்கு விக்கல் எடுத்தது.

எனக்கு எடுத்தது சந்தேகம்.

"சகலை, வேலை என்னன்னு கேட்டீங்களா?" என்றேன்.

"டேட்டாவாமுங்க."

"டேட்டான்னா?"

"சொன்னா நமக்குப் புரியாதாமுங்க. புரியறவங்களுக்குத்தான் அந்த வேலையே குடுக்கறாங்களாம்."

"இண்டர்வியூல என்ன கேட்டாங்களாம்?"

"என்னவோ மருந்து, பக்க விளைவு, அதுல எத்தனை பேருக்கு வரும் எத்தனை பேருக்கு வராதுன்னு. அப்புறம் ரத்தம் எடுத்தாங்களாம், பல்லை எண்ணினாங்களாம், ஓடச் சொன்னாங்களாம்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிற பெண்ணை எதற்கு ஓடச் சொல்கிறார்கள்? நான் கேட்டதற்குக் காளியண்ணன், "பெரிய கம்பெனிங்க சகலை, ஆபீசே பெருசா இருக்கும்" என்றார்.

மாரியம்மன் நோம்பிக்குச் சஷ்டிகா வீட்டுக்கு வந்தாள். அவளுடைய சாப்பாடும் வெள்ளி நிறப் பெட்டிகளில் கூடவே வந்தது. அம்மா சுட்ட வெல்லக் கச்சாயத்தை மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். காலையில் எழுந்ததும் எடை பார்த்தாள். பல் விளக்குவதற்கு முன் ஒரு குழாயில் எச்சில் துப்பி மூடி வைத்தாள். "டயட்டு" என்று அவள் அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னாள். கிடா வெட்டிய அன்று கறிக்குழம்பு வாசம் தெருவைத் தூக்கிக்கொண்டு போனது. அவள் ஒரு பெட்டியைத் திறந்து சாம்பல் நிறத்தில் எதையோ கரண்டியால் அளந்து தின்றாள்.

"ஏங்கண்ணு, இது உன்ற வேலையில சேந்ததா?" என்று கேட்டேன்.

"ஆமாங் பெரியப்பா."

"திங்கறதா வேலை?"

சிரித்தாள். பெட்டியை மூடினாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை சிரித்தால் ஆபத்து. கோழிப்பேன் ஏறினவன் மாதிரி அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அடுத்த மாதமே காளியண்ணனைக் கிளப்பிக்கொண்டு தெளிவகத்துக்குப் போனேன். கிருஷ்ணகிரி தாண்டி, மாந்தோப்புகளுக்கு நடுவே இருந்தது. வாசலில் நாங்கள் கொண்டுபோன கச்சாயத்தையும் அவித்த முட்டைகளையும் வாங்கி ரசீது கொடுத்தார்கள். காவலாளி என் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே ஏதாவது ஒளித்திருக்கிறேனா என்று பார்த்தார். பொய்ப்பல் கட்டுக்கும் தனி ரசீது.

உள்ளே சொர்க்கம்தான். புல்வெளி, நீச்சல் குளம், நூலகம். கிழக்கே ஒரு கட்டடம், மேற்கே ஒரு கட்டடம், அச்சில் வார்த்தது போல் ஒன்றே மாதிரி. ஒரே நிறச் சட்டையில் ஆரோக்கியமான இளைஞர்கள். கிழக்கில் மணி அடித்தால் மேற்கிலும் அடித்தது. இரண்டு பக்கமும் வெள்ளி நிறப் பெட்டி திறந்தது. ஆனால் கிழக்கத்தியான் மேற்கத்தியானோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் வேலி கூட இல்லை, ஒரு மஞ்சள் கோடுதான்.

காளியண்ணன் அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். அவர் முகத்தில் கோழிச் சீக்கு வந்த வருஷத்து நிறம்.

"சகலை, இது ஷெட்டுங்க."

"எது?"

"தீவனக் கம்பெனிக்காரன் வந்தா நாம என்ன பண்ணுவோம்? ஒரே வயசுக் கோழியா ரெண்டு ஷெட்டு பிரிப்போம். வெளிச்சம் ஒண்ணு, தண்ணி ஒண்ணு. ஒரு ஷெட்டுக்குப் புதுத் தீவனம், இன்னொண்ணுக்குப் பழசு. எது எத்தனை முட்டை போடுது, எது எத்தனை சாவுதுன்னு எண்ணுவோம்." கொஞ்சம் நிறுத்தினார். "இதுல என்ற புள்ள எந்த ஷெட்டுங்க?"

எங்களை வரவேற்க வந்த மேலாளர் ஃப்ளோரா, தூத்துக்குடிக்காரர். ஐஸ்கிரீமை மெல்லத் தின்கிறவர் போல் பேசினார். காளியண்ணன் அதையே கேட்டதற்கு அவர் கோபப்படவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அதுதான் எனக்கு மேலும் சந்தேகம் தந்தது.

"உங்க மகளோட பதவி, தகுதி பெற்ற ஒப்புதலாளர். ஆர்டர்லயே இருக்கு சார்."

"அப்படின்னா?" என்றேன்.

"முன்னாடி புது மருந்தை யார் மேல சோதிப்பாங்க? செங்கல் சூளைக்காரங்க, பண்ணையில கூலிக்கு வந்தவங்க. கைநாட்டு வாங்கிட்டு ஊசி போட்டுருவாங்க. நிறைய பேர் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம்தான் புரிதல் சட்டம் வந்துச்சு. கைநாட்டும் செல்லாது, கையெழுத்தும் செல்லாது. உடம்புக்குள்ள மருந்து என்ன செய்யும், ஆபத்து எவ்வளவுன்னு முழுசா புரிஞ்சவங்க சம்மதம் மட்டும்தான் செல்லும். அது புரியணும்னா உயிரியலும் தெரியணும், புள்ளியியலும் தெரியணும்."

"ரெண்டும் தெரிஞ்சவங்க…"

"உங்க பொண்ணு மாதிரி ஆட்கள்தான் சார்."

பேப்பரில் அந்தச் சட்டத்தைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். ஏழைகளுக்கு நல்லது வந்தது என்று சந்தோஷப்பட்டு, அந்தப் பேப்பரிலேயே போண்டா எண்ணெயைப் பிழிந்திருக்கிறேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான். அந்தச் செய்தி மூன்றாம் பக்கத்தில் வந்தது, வேலைவாய்ப்புச் செய்தி பதினோராம் பக்கத்தில் வந்தது. இரண்டையும் யாரும் சேர்த்துப் படிக்கவில்லை.

சஷ்டிகா வந்தாள். கன்னம் பளபளவென்று இருந்தது. காளியண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, உனக்கு இது தெரியுமா?"

"தெரியாம எப்படீங்ப்பா சேருவாங்க? தெரிஞ்சாத்தான சேத்துக்குவாங்க."

"ஏன் எங்ககிட்டச் சொல்லல?"

"சொன்னா அம்மா அழுவாங்க. டேட்டான்னேன். பொய்யில்லீங்களே. நாந்தான் டேட்டா."

இதுவரை நடந்தது வெறும் சாப்பாடும் ரத்தமும்தான், அடுத்த மாதம்தான் ஊசி என்றாள். கல்லீரலுக்குள் போய் ஒரு மரபணுவைத் திருத்துகிற ஊசி. பலித்தால் சர்க்கரை வியாதி என்பதே அடுத்த தலைமுறைக்கு இருக்காது. ஒருமுறை போட்டால் திரும்ப எடுக்க முடியாது. இதையெல்லாம் ரேஷன் கடையில் இந்த மாதம் பாமாயில் உண்டு என்பது போலச் சொன்னாள்.

"ஆபத்து?" என்றேன்.

"நூறு பேருக்குப் போட்டா, ரெண்டு பேருக்குக் கல்லீரல் நின்னு போகலாம்."

"அந்த ரெண்டு பேரு யாரு?" என்றார் காளியண்ணன்.

"அது தெரியாதுங்ப்பா. தெரிஞ்சிருந்தா எதுக்குப் புள்ளியியல்?"

"என்ற கோழிக்கு நான் எதையும் சொல்றதில்ல. உனக்குச் சொல்லிப்போட்டுப் பண்றாங்க. அவ்வளவுதான வித்தியாசம்?"

"அந்த வித்தியாசத்துக்குத்தானுங்ப்பா அத்தனை பேரு கோர்ட்டுக்குப் போயி சட்டம் வாங்கினாங்க."

வேலையை விட்டுவிட்டு வா என்று அவர் சொன்னார். ஃப்ளோரா வருத்தமாகத் தலையை ஆட்டினார். ஒப்பந்தம் மூன்று வருஷம். மற்றவர்கள் என்றால் விவரம் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று கோர்ட்டில் சொல்லித் தப்பிக்கலாம். விவரம் தெரிந்ததற்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவள் அதைச் சொல்ல முடியாதாம். "இதுவரை கோர்ட்டுக்குப் போனவங்க ஒரு கேஸ்லயும் ஜெயிச்சதில்ல சார்" என்றார், நாங்கள் தோற்பது அவருக்கே கஷ்டமாக இருப்பது போல.

"அப்ப ஒருத்தரும் வெளிய வந்ததே இல்லையா?" என்றேன்.

"வந்திருக்காங்க. ஒவ்வொரு ஊசிக்கு முன்னாடியும் ஒரு தேர்வு உண்டு. அதுல தேறாதவங்களை நாங்க தொட்டா எங்களுக்கு ஜெயில். அன்னைக்கே பஸ் ஏத்தி அனுப்பிருவோம்."

எனக்கு அந்தக் கணமே வெளிச்சமாகிவிட்டது. புல்வெளியில் அவளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"கண்ணு, ஃபெயிலாயிரு."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வங்கியைக் கொள்ளையடி என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டாள்.

"ஃபெயிலா? நானா?"

"ஏன், ஊருல ஒருத்தரும் ஆனதில்லையா? உங்கப்பா ஒம்பதாவது மூணு வருஷம் படிச்சாரு. நல்லாத்தான இருக்கறாரு."

"பெரியப்பா, தெரிஞ்ச பதிலைத் தப்பா எழுதறது எப்படீன்னே எனக்குத் தெரியாதுங்."

காளியண்ணன் குறுக்கே வந்தார். கோழிக்காரர், கறாரான மனிதர். தீவன லாரிக்காரன் அவரிடம் பேசி ஜெயித்ததில்லை. அப்படிப்பட்டவர் கெஞ்சினார்.

"சாமி, பொறந்ததுல இருந்து முதல் மார்க்குத்தான் வாங்கிட்டு வந்து குடுத்த. நான் அது வேணும்னும் கேட்டதில்ல, இது வேணும்னும் கேட்டதில்ல. இந்த ஒருக்கா எனக்காக ஃபெயிலாகிக் குடு."

சஷ்டிகா குனிந்து ஒரு புல்லைக் கிள்ளினாள். பிறகு சொன்னாள்:

"சரிங்ப்பா. ஒரு கேள்விக்குக்கூடச் சரியா பதில் எழுத மாட்டேன். போதுங்களா?"

அடுத்த மாதம் தேர்வு நாளன்று, எங்கள் ஊர்ப்பக்க வழக்கப்படி, பெற்றவர்கள் எல்லாரும் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். மற்றப் பிள்ளைகளின் வீட்டாருக்கு அது பதவி உயர்வுத் தேர்வு என்று நினைப்பு. ஒரு அம்மாள் வேப்பிலையைச் சுற்றிப் போட்டாள். ஒருவர் பேனாவை விபூதிப் பையில் முக்கி எடுத்துக் கொடுத்தார். நானும் காளியண்ணனும் மட்டும் பிள்ளை தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றோம். அவர் முந்தின நாளே கபிலர்மலைக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்திருந்தார். பேர், நட்சத்திரம் கேட்டுக்கொண்ட குருக்கள், முதல் மார்க் வாங்க வேண்டுமா என்று கேட்டாராம். ஃபெயிலாக வேண்டும் என்று சொன்னதும் குருக்கள் யோசித்துவிட்டு, "அதுக்குத் தனியா மந்திரம் இல்லீங்க, பொதுவா நல்லது நடக்கட்டும்னு சொல்லிடறேன்" என்றாராம். விவரமான குருக்கள்.

நூறு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, ஒன்றில் குறி போட வேண்டும். சஷ்டிகா முதல் ஆளாக வெளியே வந்து எங்களைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். மதியம் ஃப்ளோரா எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். சஷ்டிகா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"உங்க மக மார்க் வந்துருச்சு" என்றார் ஃப்ளோரா. "பூஜ்யம்."

காளியண்ணன் எழுந்து நின்று கைகூப்பினார். எந்தத் திசையில் கபிலர்மலை என்று தெரியாமல் நான்கு திசைக்கும் ஒருமுறை கும்பிட்டார். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்பப் பஸ்ஸெல்லாம் வேண்டாமுங்க, எங்க வண்டியிலயே கூட்டிட்டுப் போயிக்கறோம்" என்றேன்.

"உட்காருங்க சார். தேறிட்டாங்க."

நான் காதைத் தடவிக்கொண்டேன்.

"பூஜ்யம்னீங்களே?"

"சட்டத்துல மார்க்குன்னு ஒரு வார்த்தையே இல்ல சார். 'புரிந்திருப்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாக வேண்டும்'னுதான் இருக்கு." ஃப்ளோரா நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒண்ணுமே தெரியாதவங்க கண்ணை மூடிட்டுக் குறி போட்டா எத்தனை சரியா வரும்?"

"எத்தனை?"

"இருபத்தஞ்சு பக்கம் வரும். உங்க பண்ணைக் கோழியைக் கொண்டாந்து தாள் மேல கொத்த விட்டாக்கூட இருபது வாங்கும். நூறுல ஒண்ணுகூடச் சரியா வராம இருக்கணும்னா, நூறுக்கும் சரியான பதில் தெரிஞ்சிருக்கணும். அதைப் பார்த்துப் பார்த்துத் தவிர்த்திருக்கணும். எங்க நிபுணர்கள் மூணு பேரும் கணக்குப் போட்டுப் பார்த்துட்டாங்க. இந்த வளாகத்துல இதுவரை ஒருத்தரும் நூறும் புரிஞ்சு எழுதினதில்ல சார். உங்க மகதான் முதல்."

காளியண்ணனுக்கு அது உடனே விளங்கவில்லை. விளங்கியபோது மெல்ல உட்கார்ந்தார். பாவம், அந்த நிலையிலும் 'உங்க மகதான் முதல்' என்ற இடத்தில் அவர் முகத்தில் ஒரு மினுக்கு வந்து போனதை நான் பார்த்தேன். எத்தனை வருஷப் பழக்கம்.

அவள் இருபத்தைந்து கேள்விக்குச் சரியாக எழுதிவிட்டு மற்றதைக் குளறியிருந்தால் இந்நேரம் வண்டியில் இருப்பாள். நான் தீட்டிய திட்டத்தில் எல்லாம் இருந்தது, எப்படி ஃபெயிலாக வேண்டும் என்பது மட்டும் இல்லை. ஒரு விடுதிப் பள்ளிப் பிள்ளை தோற்பதையும் முழு மார்க்குக்குச் செய்யும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். என்னை நானே நொந்துகொண்டு வாசலுக்கு நடந்தேன். காளியண்ணன் முன்னால் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். சஷ்டிகா என்னோடு கேட்டுவரை வந்தாள்.

பாதி வழியில் எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. எல்லாச் சந்தேகத்துக்கும் மூத்த சந்தேகம் அது.

"கண்ணு, கோழி கொத்தினாக்கூட இருபது வரும்னு அந்தம்மா சொல்லுச்சே. அது பெரிய படிப்பா?"

"இல்லீங் பெரியப்பா. முதல் வருஷம், முதல் பாடம்."

"அப்ப அது உனக்கு எழுதறப்பவே தெரியும்."



"அப்பா ஒரு கேள்விக்கும் சரியா எழுதக் கூடாதுன்னு…" என்று இழுத்தாள்.

"உங்கப்பா ஃபெயிலாகுன்னுதான் கேட்டாரு. ஒண்ணுகூடச் சரியா எழுத மாட்டேன்னு சொன்னது நீ."

நடையைக் குறைத்தாள்.

"பெரியப்பா, இந்த மாசம் ஒம்பது பேரு இப்படி வேணும்னே ஃபெயிலாகிப் போயிட்டாங்க. அவங்க வீட்டுலயும் யாரோ கேட்டிருப்பாங்க. ஆளு குறைஞ்சுட்டே போகுது. புரிஞ்சவங்க போதுமான அளவுக்குக் கிடைக்கல, அதனால பழையபடி கைநாட்டையே ஏத்துக்கணும்னு டெல்லியில மனு போட்டிருக்காங்க. நாங்க இன்னும் நாலு பேரு கழண்டுக்கிட்டா அந்த மனு ஜெயிச்சிரும். அப்புறம் இந்த ஊசி யாருக்குப் போகும்? நூத்துக்கு ரெண்டுன்னா என்னன்னே தெரியாதவங்களுக்குப் போகும்."

"அந்த மனுவைப் போட்டது யாரு?"

"எங்க கம்பெனிதானுங்."

அதையும் ரேஷன் பாமாயில் குரலிலேயே சொன்னாள். ஆள் நிறைந்திருந்தால் அவர்களுக்கு ஊசி நடக்கும், குறைந்தால் மனு நடக்கும். எந்தப் பக்கம் விழுந்தாலும் லாபம் அவர்களுக்கு.

"இது தெரிஞ்சும் உள்ள போறயா சாமி?"

"தெரிஞ்சதனாலதான் பெரியப்பா எடுத்தாங்க" என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. "அப்பாகிட்டச் சொல்லிராதீங்க. முயற்சி பண்ணேன், தப்பாயிருச்சுன்னு இருக்கட்டும்."

மணி அடித்தது. கிழக்கிலும் மேற்கிலும் அடித்தது. அவள் கிழக்கே போனாள். அந்தப் பக்கத்துக்குப் போடப் போவது புது ஊசியா, வெறும் தண்ணியா என்று கேட்க மறந்துவிட்டேன். கேட்டிருந்தாலும் அதை மட்டும் அவளுக்கே சொல்லியிருக்க மாட்டார்கள்.

காவலாளியிடம் ரசீதைக் கொடுத்து, அன்றும் கொண்டுபோயிருந்த கச்சாயத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன். தொப்பூர் கணவாய் வரைக்கும் காளியண்ணன் வண்டியை விரட்டினார். இறக்கத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்தபோது கேட்டார்.

"வாசல்கிட்ட நின்னு ரொம்ப நேரம் பேசினீங்களே. என்ன சொன்னா?"

"என்ன சொல்லும் பாவம். எழுதற பதட்டத்துல அந்த இருபத்தஞ்சு கணக்கு ஞாபகத்துக்கு வரலையாம். மறந்துட்டேன்னு அழுதா."

என் வயசில் நான் சொல்லாத கதை இல்லை. திண்டுக்கல் ரோட்டில் லாரியைப் பாம்பு வழிமறித்ததைச் சொன்னபோது ஊரே நம்பியது. அதே முகத்தை வைத்துக்கொண்டுதான் இதையும் சொன்னேன்.

காளியண்ணன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ற புள்ள," என்றார், "கணக்கை மறந்துபோட்டாளா?"

அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை நாங்கள் இருவரும் கோழி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம்.